பலகையில் ஒட்டிய நான்கு பெயர்கள்

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சாதாரண தரம் வரைதான் படித்தவள். நன்னடத்தைக் கந்தோர் ஒன்றில் அலுவலக உதவியாளராக இருந்து ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றேன். கதவு திறப்பது, கோப்பு எடுத்துக் கொடுப்பது, கடிதம் கொண்டுபோவது, தேத்தண்ணி ஊற்றுவது, இவைதான் என் வேலை. நாலு பேர் இருக்கும் இடத்தில் யாராவது என் பெயரைக் கேட்டாலே எனக்குக் குரல் இறங்கிவிடும். படித்தவர்கள் எழுதும் கந்தோர் மலரில் என் எழுத்தும் வருவது கூச்சமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னவள் வினோதா. கந்தோருக்குப் புதிதாக வந்திருக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர். போன மாதம் ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"யோகாக்கா, முதல்முறை பிழை விட்ட பிள்ளையளுக்கு மாற்றுவழித் திட்டம் திரும்ப வருதாம். இந்த முறை அரசாங்கக் காசு. முந்தி ஒருக்கா உங்கட காலத்தில இது தொடங்கி நிண்டு போனதாமே? ஏன் எண்டு கேட்டால் கந்தோரில ஒருத்தருக்கும் தெரியேல்லை."

எனக்குத் தெரியும். அவள் தந்த படிவத்தில் மூன்றாவது நிரலைப் பார்த்தேன். 'பயனாளியின் முழுப்பெயரும் கிராம அலுவலர் பிரிவும்' என்று இருந்தது. படிவத்தை மேசையில் வைத்துவிட்டேன். அந்த நிரலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த கதை சுருக்கமானது. யுத்தம் முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது கையில் ஒன்றும் இல்லை. கந்தோரில் கூட்டித் துடைக்க ஆள் கேட்டார்கள், போனேன். முதலில் நாட்சம்பளம், பிறகு அமைய ஊழியர், பிறகு நிரந்தரம். கோப்புக்கு எப்படி இலக்கம் போடுவது, நீதிமன்றப் பதிவாளரிடம் கடிதம் கொடுத்தால் எந்தப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவது என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகினேன். ஒருவரும் உட்கார்த்திச் சொல்லித் தரவில்லை.

என் பொறுப்பதிகாரி சுகந்தி மிஸ். அவரைப் பற்றிக் கொஞ்சம் விபரமாக எழுத வேண்டும். அவரின் முறை தெரியாவிட்டால் நான் விட்ட பிழையின் பாரம் தெரியாது.

மிஸ் ஒரு பிள்ளையின் கோப்பின் மேல் பெயர் எழுதமாட்டார். இலக்கம் மட்டும்தான். பெயர் உள்ளே முதலாம் பக்கத்தில் பென்சிலால் இருக்கும். வழக்கில்லாமல் பிள்ளை வீட்டுக்குப் போகிற அன்று அந்தப் பக்கத்தை அழிறப்பரால் தானே அழிப்பார். பிள்ளைகள் கந்தோருக்கு வருவது பின்பக்கத்தால். முன்பக்கம் பேருந்துத் தரிப்பிடம். அங்கே நிற்கிறவர்கள் கண்ணுக்கு ஒரு பிள்ளையும் படக்கூடாது என்பார்.

வீடு பார்க்கப் போகும்போது திணைக்கள வாகனத்தைப் பலநோக்குக் கூட்டுறவுக் கடையடியில் நிறுத்திவிட்டு மிச்சத் தூரம் நடப்பார். நானும் கூட நடப்பேன். "வாகனம் வீட்டுப் படலையில நிண்டால் அதுவே தண்டனைதான், யோகா. பிறகு நாங்கள் எழுதுற அறிக்கை ஒண்டுக்கும் உதவாது" என்பார். என் கையில் கோப்பு இருக்காது, குடையும் ஒரு பையும்தான். பைக்குள் மிளகாய் விதைப் பக்கெற்றுகள். வழியில் யாராவது "எங்கை போறியள்?" என்று கேட்டால் மிஸ் ஒரு பக்கெற்றை எடுத்து நீட்டுவார். பொய் சொல்லமாட்டார், விதையை நீட்டுவார், அவ்வளவுதான். கேட்டவர் விதையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

வீட்டுக்குள் போனதும் பிள்ளையிடம் "ஏன் செய்தனீ?" என்று கேட்கமாட்டார். "அண்டைக்கு எந்தப் பாதையால வந்தனீ?" என்றுதான் தொடங்குவார். பிள்ளை வாய்க்கால், மதகு, மில், ஒழுங்கை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு வரும். பாதை முடியும் இடத்தில் நடந்ததையும் தானாகவே சொல்லிவிடும். அந்த நேரம் என் வேலை வீட்டைப் பார்ப்பது. புத்தகப் பை எங்கே தொங்குகிறது, படுக்கிற இடத்துக்குக் கதவு இருக்கிறதா, தகப்பன் உள்ளே வந்தால் பிள்ளை எந்தப் பக்கம் நகருகிறது. வெளியே வந்ததும் மிஸ்ஸுக்கு வரிசையாகச் சொல்லவேண்டும். என்னைப் போல வாய் திறக்காத ஆளைத்தான் வீடுகளில் ஒருவரும் கவனிப்பதில்லை என்று மிஸ் ஒருமுறை சொன்னார். என் குணத்தைக் குறையாகச் சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

மாற்றுவழித் திட்டம் என்பது இதுதான். முதல் தடவையாகச் சின்னக் குற்றம் செய்த பிள்ளையை நீதவானின் சம்மதத்தோடு வழக்கில் மாட்டாமல் ஆறு மாதம் எங்கள் பொறுப்பில் எடுப்போம். கிழமை நாளில் பள்ளிக்கூடம். சனிக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் மின்சார வயறிங் பழகுவார்கள், கணக்குப் படிப்பார்கள், மிஸ் ஒவ்வொருவரையும் தனியாக இருத்திக் கதைப்பார். ஆறு மாதம் ஒழுங்காக வந்தால் அந்தப் பிள்ளைக்குப் பதிவு இல்லை. வராவிட்டால் நீதிமன்றம், பிறகு தூரத்தில் உள்ள சீர்திருத்தப் பள்ளி.

தொடக்கத்தில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று செலவைப் பார்த்தது. மூன்றாம் வருடம் அவர்கள் போய்விட்டார்கள். இனி அரசாங்கம்தான் தரவேண்டும் என்று மிஸ் மேலிடத்துக்கு எத்தனை தரம் போனார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் விடிகாலை பஸ் ஏறும்போது அவரின் தண்ணீர்ப் போத்தலை நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். கடைசியில் ஒதுக்கீடு கிடைத்தது, ஆனால் இரண்டு நிபந்தனை. பத்துப் பேருக்குக் குறைந்தால் திட்டம் இல்லை. பொதுமக்களின் காசு என்றபடியால், ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அந்தந்தக் கிராம அலுவலர் உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்க வேண்டும்.

எங்களிடம் இருந்தது பதினொரு பிள்ளைகள். அவர்களில் நாலு பேர் கிளிநொச்சிக்குப் பக்கத்தில், உருத்திரபுரத்துக்கு அப்பால் ஒரே கிராமத்தில் இருந்தார்கள். அந்தக் கிராமத்தின் பெயரை எழுதவில்லை. நாலு பேரில் ஒருத்தியை நிலா என்று எழுதுகிறேன். அது அவளின் பெயர் அல்ல.

நிலாவுக்கு அப்போது பதினைந்து வயது. தாய் தகப்பனின் ஆட்கள் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து வாய்க்காலுக்கு மேற்கே குடியிருந்தவர்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து வயல் எடுத்தவர்கள். மேற்கில் உள்ளவர்கள் கிழக்கில் உள்ளவர்களின் வயலில் வேலை செய்வார்கள். நிலாவின் தாய் ராசக்கா என்பவரின் வயலுக்கும் வீட்டுக்கும் போவா. நெல் அருவி வெட்டு நேரம், வேலையாட்களுக்குச் சமைக்க ஆள் போதாதென்று ராசக்கா நிலாவையும் மூன்று நாள் மறித்து வைத்திருந்தார். மூன்றாம் நாள் ராசக்காவின் சங்கிலி காணாமல் போனது.

அவள் எங்களிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வாய்க்கால், மதகு, ராசக்கா வீட்டுப் படலை, குசினி என்று பாதை சொல்லிக்கொண்டு வந்தவள் அறைக்குள் வந்ததும் நின்றாள்.

"சங்கிலி கண்ணாடி மேசையில இருந்திச்சு மிஸ். போட்டுப் பாக்கத்தான் எடுத்தேன். யாரோ வர்ற சத்தம் கேட்டிச்சு. கொக்கிய கழட்டத் தெரியல. சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு வெளிய வந்துட்டேன்."

"பிறகு ஏன் திருப்பிக் குடுக்கேல்லை?"

"வீட்டுக்கு வந்தப்பவும் கழட்டத் தெரியல மிஸ்."

இரண்டு நாள் அந்தச் சங்கிலி அவள் கழுத்திலேயே, சட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது. பொலிசில் வைத்துத்தான் ஒரு பெண் பொலிஸ் கழற்றி எடுத்தா. சங்கிலி திரும்பிக் கிடைத்ததால் ராசக்கா வழக்கு வேண்டாம் என்று கையெழுத்து வைத்தார். ஊருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் ராசக்காவும் நிலாவின் வீட்டாரும்தான். தகப்பன் அன்று பொலிஸ் வாசலில் வைத்து மிஸ்ஸிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"நீங்க சொல்றதுக்காக வுடுறேங்க. ஊர்ல ஒரு வாய் இதப் பேசிச்சின்னா அன்னைக்கே புள்ளய கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிருவேன். ஆளு கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. பள்ளிக்கூடமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் பயம் வந்தது. நிலாவின் சாதாரண தரப் பரீட்சைக்கு எட்டு மாதம் இருந்தது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

அந்த நாலு பேரின் ஊர்க் கிராம அலுவலருக்கு, அதாவது ஜி.எஸ்.ஸுக்கு, கொடுக்கவேண்டிய பட்டியலை மிஸ் தானே அடித்தார். தலைப்பில் மாற்றுவழி என்றோ குற்றம் என்றோ ஒரு சொல்லும் இல்லை. 'இளையோர் தொழிற்பயிற்சி' என்று மட்டும் போட்டார். உறையில் வைத்து ஒட்டி என் கையில் தந்தார்.

"யோகா, ஜி.எஸ்.ஸின்ர கையில நேர குடுங்கோ. உங்களுக்கு முன்னால கையெழுத்து வைக்கட்டும். வைச்சதும் திருப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ. அவர் இல்லையெண்டால் குடுக்காமல் வாங்கோ."

"ஓம் மிஸ்" என்றேன்.

போனபோது கிராம அலுவலர் இல்லை. பிரதேச செயலகத்தில் கூட்டம். அவரின் கதிரைக்குப் பக்கத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தரான இளம் தம்பி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல பிள்ளை. வெளியே ஏழெட்டுச் சனம் காத்திருந்தது. உறையை நான் கையில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு "தாங்கோ அக்கா" என்று கையை நீட்டினார். நான் கொடுத்துவிட்டேன். உறையைக் கிழித்துப் பட்டியலைப் பார்த்தார்.

"பயிற்சிப் பட்டியலே? வைச்சிட்டுப் போங்கோ. வழமை மாதிரிச் செய்து ஐயாட்டைக் கையெழுத்து வாங்கி வைக்கிறம்."

'இல்லைத் தம்பி, திருப்பித் தாங்கோ' என்று சொல்ல வேண்டும். வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பின்னால் சனம் நிற்கிறது, கொடுத்த கடிதத்தைப் பறிக்கிற மாதிரி இருக்கும், ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். பஸ்ஸும் வருகிற நேரம். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். மிஸ்ஸிடம் "குடுத்திட்டன்" என்றேன். ஆரிடம் என்று மிஸ் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வழமை என்றால் என்ன என்று வன்னியில் எல்லோருக்கும் தெரியும். மீள்குடியேறிய காலம் முழுவதும் நாங்கள் பட்டியலில்தான் வாழ்ந்தோம். தறப்பாளுக்குப் பட்டியல், வீட்டுத்திட்டத்துக்குப் பட்டியல், மலசலகூடத்துக்குப் பட்டியல், ஆட்டுக்குட்டிக்குப் பட்டியல். எந்தப் பயனாளிப் பட்டியலையும் கிராம அலுவலர் கந்தோர்ப் பலகையில் ஒரு கிழமை ஒட்டுவார்கள். ஆட்சேபனை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. களவு நடக்காமல் இருக்க அது நல்ல முறை. அதற்கு முன்பு முகாமில் ஒலிபெருக்கியில் பட்டியல் வாசித்த காலமும் உண்டு. அப்போது பெயர் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். இவ்வளவும் தெரிந்த நான் 'வழமை மாதிரி' என்ற சொல்லைக் காதால் கேட்டும் பேசாமல் வந்தேன்.

நாலாம் நாள் காலை கந்தோரின் பின்கதவைத் திறந்தபோது நிலாவின் தாய் படியில் குந்தியிருந்தா. எழும்பவில்லை. மிஸ் வந்ததும்தான் வாய் திறந்தா.

"மிஸ், பலகையில எம்புள்ள பேரு இருக்குங்க."

மிஸ் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"எந்தப் பலகையில?"

"ஜி.எஸ். ஆபிஸ்லங்க. எல்லாரும் வந்து வந்து பாக்குறாங்க. ஒம்புள்ளைக்கு மட்டும் எப்புடி ட்ரைனிங் கெடச்சிச்சு, யாரப் புடிச்சே, எங்க புள்ளைங்களுக்கு ஏன் இல்லன்னு கேக்குறாங்க. நான் என்னத்த சொல்ல மிஸ்? கடைக்காரரு மனு எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குறாரு. எங்க வூட்டுக்காரரு கனகராயன்குளத்துப் பக்கம் மரம் தறிக்கப் போயிருக்காரு. வெள்ளிக்கெழம ராவு வந்துருவாரு."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பிள்ளைகளை மறைப்பதற்காக மிஸ் போட்ட தலைப்பைப் பார்த்துச் சனம் பொறாமைப்பட்டுவிட்டது. குற்றப் பட்டியல் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அதிர்ஷ்டப் பட்டியல் என்று நினைத்துவிட்டார்கள். இந்த நாலு பேரை எந்த முறையில் தெரிவு செய்தீர்கள் என்பதுதான் மனுவில் இருந்த கேள்வி. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்றே ஒன்று. அதைச் சொன்னால் நாலு பிள்ளைகளும் ஊரில் நிற்க முடியாது.

தாயை அனுப்பிவிட்டு மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

"ஆரிட்டைக் குடுத்தனீங்கள், யோகா?"

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மிஸ் கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

"உங்களை அனுப்பினது என்ர பிழை" என்றார்.

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அன்று முழுக்க அழவும் வரவில்லை.

மிஸ் கிராம அலுவலருக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் நல்ல மனிதர், விசயத்தைச் சொல்லாமலே ஏதோ இருக்கிறது என்று ஊகித்துக்கொண்டார். ஆனால் அவரின் கையும் கட்டப்பட்டிருந்தது. "ஆட்சேபனை எழுத்தில வந்திட்டுது மிஸ். இனிச் சும்மா கழட்டினால் என்னை வேறவிதமாய்க் கதைப்பாங்கள். வெள்ளிக்கிழமை மூண்டு மணிக்குக் கூட்டம் வைக்கிறன். நீங்கள் வந்து விளக்கம் குடுங்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை வரை மூன்று நாள் இருந்தது. நான் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் கேற் சத்தம் கேட்டாலே நிலாவின் தகப்பன் என்று எழும்பிப் போய்ப் பார்த்தேன். இரண்டாம் நாள் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் சிவப்புச் சட்டையோடு ஒரு பெண் பிள்ளை துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பு பஸ்ஸுக்குள் இருந்தது. நான் பஸ்ஸுக்குள் ஏறி முகத்தைப் பார்த்தேன். நிலா இல்லை. யாரோ ஒரு தாயும் பிள்ளையும். அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மிஸ்ஸிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம் சிபாரிசு செய்தது எண்டு சொல்லப்போறன்."

"நம்புவினமே?"

"நம்பமாட்டினம். பள்ளிக்கூட அதிபரைக் கேட்பினம்" என்றார். விதைப் பக்கெற்றை நீட்டுகிறவர், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

கூட்டத்துக்கு நான் நினைத்ததைவிட அதிகம் சனம். கிராம அலுவலர் கந்தோர் விறாந்தையில் கதிரைகள் போதாமல் மாமரத்தடியிலும் நின்றார்கள். நிலாவின் தாய் ஆகப் பின்னால், தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றா. முன்வரிசையில் கடைக்காரர், அவருக்கு இரண்டு கதிரை தள்ளி ராசக்கா. அந்தச் சனத்துக்குள் நிலாவின் கதை தெரிந்த வெளியாள் அவர் ஒருவர்தான்.

கடைக்காரர்தான் தொடங்கினார்.

"நாங்கள் ஒருத்தருக்கும் எதிரியில்லை. கஷ்டப்பட்ட பிள்ளையளுக்குக் குடுங்கோ, சந்தோசம். ஆனால் என்ன முறையெண்டு சொல்லுங்கோ. புள்ளி கூடவோ, வருமானம் குறைவோ? இந்த நாலிலயும் ஒருத்தருக்கும் படிப்பில பெரிய கெட்டித்தனம் இல்லை. எங்களுக்குத் தெரியாதே?"

"பேர் குலுக்கி எடுத்தவையோ தெரியாது" என்று மரத்தடியில் இருந்து ஒருவர் சொன்னார்.

"குலுக்கினால் எங்கட பேர் ஏன் பேணிக்குள்ள விழேல்லை?"

சிரித்தார்கள். மிஸ் எழும்பி, தெரிவு முறை பற்றி விளக்கம் தருகிறேன் என்று தொடங்கினார். அதற்குள் ராசக்கா எழும்பினார். வயல்காரி, அவர் எழும்பினால் மற்றவர்கள் பேசமாட்டார்கள்.

"பொறுங்கோ மிஸ். முதல் எனக்கு ஒண்டு சொல்லவேணும். இந்தப் பலகையைப் பார்த்த நாளிலயிருந்து எனக்கு மனம் ஆறேல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பின்னால் பார்த்தார். தூணோடு நின்ற தாய் முந்தானையை வாயில் வைத்தது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. நான் எழும்பி நின்றிருந்தேன். என் வாயிலிருந்து சத்தம் வந்தது.

"பட்டியல் பிழை."

எல்லோரும் திரும்பினார்கள். கிராம அலுவலர் "என்ன சொன்னனீங்கள்?" என்றார்.

"பட்டியல் பிழை ஐயா. நான் அடிச்ச பட்டியல். வேற ஒரு பட்டியலில இருந்து பேரை மாறி அடிச்சுப்போட்டன். இதில இருக்கிற பிள்ளையளுக்கும் பயிற்சிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பிழை என்ர."

சொல்லிக்கொண்டே பலகையடிக்கு நடந்துவிட்டேன். நாலு மூலையிலும் குண்டூசி. மூன்றைக் கழற்றினேன், நாலாவது வரவில்லை. தாளை இழுத்தேன். மூலை கிழிந்து பலகையிலேயே நின்றது. மிச்சத்தை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் கதிரையில் சாய்ந்தார்.

"பார்த்தியளே. தேத்தண்ணி ஊத்துற ஆளிட்டைப் பட்டியலைக் குடுத்தால் இப்பிடித்தான். சீனி போடுற மாதிரி ஆருக்கும் போட்டு விட்டிருக்கிறா."

விறாந்தை முழுக்கச் சிரிப்பு. மரத்தடியில் ஒருவர் "அக்கா, எனக்கும் ஒரு கரண்டி போட்டிருக்கலாமே" என்றார். இன்னும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் எதற்குப் பயந்து பயந்து வாய் மூடி இருந்தேனோ அது அன்று நடந்தது. நாற்பது ஐம்பது பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கேட்கக் கேட்க எனக்கு மூச்சு வந்தது. சிரிக்கிற சனம் பிறகு கேள்வி கேட்காது. கிராம அலுவலர் அவசரமாகப் புத்தகத்தில் 'பட்டியல் மீளப் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். கூட்டம் கலைந்தது.

ராசக்கா கடைசிவரை போகவில்லை. நாங்கள் படலையடிக்கு வரும்போது தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிஸ் கிராம அலுவலரோடு கதைத்துக்கொண்டு பின்னால் வந்தார். ராசக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"உமக்கென்ன விசரே? ஏன் அப்பிடிப் பாய்ஞ்சனீர்?"

நான் தாள் இருந்த கையைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

"என்ர பெடியன் ரெண்டு வருசமாய் வீட்டில சும்மா இருக்கிறான். அவனையும் அந்தப் பயிற்சியில சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் எழும்பினனான். உந்தப் பெட்டையின்ர கதையை நான் ஏன் சொல்லப்போறன்? பள்ளிக்கூட நாளில மூண்டு நாள் என்ர குசினியில மறிச்சு வைச்சனான் எண்டு உங்கட மிஸ் எழுதி வைச்சிருக்கிறா. அதை நான் ஊருக்குச் சொல்லுவனே?"

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவர் சொன்னது உண்மையா, எனக்கு நேரே வேறு கதை சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அறிக்கையை மிஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்து எழுதுவித்தவள் நான். மூன்று நாள் மறித்தது எனக்கும் தெரியும். அவருக்கும் மறைக்க ஒன்று இருக்கிறது என்பது அந்த நேரம் என் புத்தியில் வரவில்லை. பயம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகும்.

பஸ்ஸில் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்தேன். ராசக்கா சொன்னதைச் சொன்னேன். மிஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கரடிப்போக்குச் சந்தி தாண்டியபிறகுதான் பேசினார்.

"இப்ப ஏழு பேர், யோகா."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கணக்கு வராது, ஆனால் அது விளங்கியது. ஊருக்கு முன்னால் பிழை என்று சொல்லிக் கிழித்த பட்டியலை, அதே நாலு பெயரோடு, அதே கிராம அலுவலரிடம் திரும்பக் கொண்டுபோக முடியாது. பத்துக்குக் குறைந்தால் திட்டம் இல்லை. மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. அந்த ஒதுக்கீடு பிறகு வேறு எதற்கோ போனது. என் சொந்தக் கோப்பில் கவனக்குறைவு என்று ஒரு கடிதம் இருக்கிறது. அதை எழுதியதும் மிஸ்தான், எழுத வேண்டியிருந்தது. நான்தான் அதைக் கோப்பில் குத்தி வைத்தேன்.

நான் எழும்பாமல் இருந்திருந்தால் ராசக்கா மகனைப் பற்றிக் கேட்டிருப்பார், மிஸ் ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பார், பதினொரு பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை இருந்திருக்கும் என்று ஒரு பக்கம் நினைப்பேன். அவர் மகனைப் பற்றி அல்ல, சங்கிலியைப் பற்றித்தான் எழும்பினார் என்று மறுபக்கம் நினைப்பேன். ஓய்வு பெற்ற பிறகு யோசிக்க நேரம் அதிகம்.

வினோதா, உனக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அந்த மூன்றாவது நிரலை எடுக்கச் சொல்லி எழுது. இலக்கம் போதும் என்று எழுது. எடுக்கமாட்டோம் என்றால் பட்டியலை நீயே கொண்டுபோ. கூச்சப்படுகிற ஆளின் கையில் கொடுத்துவிடாதே. நிலா இப்போது எங்கே என்று நீ கேட்டாய். மிஸ் அவளின் பெயரை அழிறப்பரால் அழித்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். அதற்கு மேல் எழுதமாட்டேன்.

கூட்டத்துக்கு மறுநாள் சனிக்கிழமை. காசு வராது என்று தெரிந்ததால் வயறிங் மாஸ்டர் வரவில்லை. பிள்ளைகள் எட்டுப் பேர் வந்து பத்து மணிவரை மண்டபத்தில் இருந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். தகப்பன் இரவு வந்து ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டுப் படுத்துவிட்டார் என்று நிலா மிஸ்ஸிடம் சொன்னாள். பிறகு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.